கழற்றி வைத்த கதவு

சார்ல்ஸ் லிண்ட்பர்க் 1927ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் நியூயார்க்கிலிருந்து தன்னந்தனியாகப் புறப்பட்டு, 33 மணி நேரத்துக்கும் மேலாகப் பறந்து பாரிசில் இறங்கினார் என்பதை அறியாதவர் குறைவு. அப்பயணத்தில் அவ்வளவாகப் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. எடையைக் குறைப்பதற்காக வானொலிக் கருவியையும் பாரசூட்டையும் வேண்டாமென்று ஒதுக்கிய அம்மனிதர், விமானத்தின் பக்கச் சாளரங்களைப் பொருத்தாமல் உள்ளேயே வைத்துக்கொண்டு பறந்தார். பொருத்தினால் காற்றின் இழுவை குறையும், எரிபொருள் மிச்சமாகும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். ஆயினும் பொருத்தவில்லை. 1953இல் வெளியாகி மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற தம் நூலில் அதற்குக் காரணமும் சொல்கிறார். கண்ணாடி குறுக்கே வந்துவிட்டால் கடலோடும் வானோடும் தமக்குள்ள நேர்த்தொடர்பு அறுந்துவிடும் என்று அவர் எண்ணினார். தூக்கம் கண்ணைச் சுழற்றியபோது அத்திறப்பின் வழியே வந்த குளிர்காற்றும் அவருக்குத் துணையாயிற்று. பின்னாளில் அவர் பேசிய அரசியல் நமக்கு உவப்பானதன்று. அது வேறு கதை.

எடையைக் கணக்குப் பார்த்தே உயிர் பிழைத்த ஒருவர் தெரிந்தே செய்த இந்தச் செலவை நாம் இங்கே எடுத்துப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. கதவுகளைக் கழற்றி வைத்துவிட்டுச் சிறு விமானம் ஓட்டுவது பணக்கார நாடுகளின் விடலை விளையாட்டு என்றொரு கருத்து வாசக நண்பர்களிடையே நிலவுகிறது. மலையேறுபவரை மதிக்கிறோம், பாய்மரப் படகில் உலகைச் சுற்றுபவரைப் பற்றி நூல் வந்தால் தேடிப் படிக்கிறோம். கதவில்லா விமானம் என்றதும் இதழ்க்கடையில் ஒரு சிரிப்பு வந்துவிடுகிறது. நாம் விமானம் ஓட்டியவர்கள் அல்லோம். ஓட்டியவர்கள் எழுதியதை நெடுங்காலமாக வாசித்து வருகிறோம், அவ்வளவே. அந்த வாசிப்பு, இந்தச் சிரிப்பு பொருந்தாதது என்றே நமக்குச் சொல்கிறது.

விமானத்துக்குக் கதவு என்பதே பின்னால் வந்த சங்கதி. 1903 டிசம்பர் 17 அன்று ஆர்வில் ரைட் 12 நொடிகள் பறந்தபோது கீழ் இறக்கையின்மேல் குப்புறப் படுத்திருந்தார். அதன்பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் விமானி என்பவர் தோல் தொப்பியும் கண்ணாடியும் அணிந்து காற்றில் தலையை நீட்டிக்கொண்டிருந்தவர்தாம். மூடிய அறை வந்தபோது அவர்கள் மகிழ்ந்திருப்பார்கள் என்றுதான் நாம் நினைப்போம். நடந்தது வேறு. 1928இல் போயிங் நிறுவனம் மூன்று எஞ்சின்கள் கொண்ட தன் 80ஆம் மாதிரிப் பயணி விமானத்தில் விமானிகளையும் கூரைக்குள் உட்கார வைத்தது. அஞ்சல் விமானங்களில் பழகியவர்கள் முணுமுணுத்தார்கள். அவர்களுக்காகத் திறந்த அறையோடு ஒரு விமானம் தனியாகக் கட்டப்பட்டது. பிறகு அதையும் மூடிவிட்டார்கள். இத்தாலியில் மாக்கி சி.200 என்னும் போர்விமானம் மூடிய கூண்டோடுதான் உருவாயிற்று. விமானிகள் ஒப்பவில்லை; அடுத்தடுத்த வரிசைகளில் கூண்டைத் திறந்துவிட நேர்ந்தது.

இதைப் பழமைப் பற்று என்று தள்ளிவிடலாம். ஓரளவுக்கு அது உண்மையும்கூட. வேகம் கூடியபோது திறந்த அறை தோற்றது நியாயமே. ஆனால் அவர்களுடைய வாதத்தில் ஒரு தொழில்நுட்பச் செய்தி இருந்தது. திருப்பத்தில் விமானம் பக்கவாட்டில் வழுக்கினால், காற்று நேர் முன்னிருந்து வராமல் ஒரு கன்னத்தில் கூடுதலாகப் படும். கருவிப் பலகையில் உள்ள சிறு குண்டு எந்தப் பக்கம் உருண்டிருக்கிறது என்று குனிந்து பார்க்கும் முன்பே கன்னம் அதைச் சொல்லிவிடும். இறக்கைகளைத் தாங்கும் கம்பிகளில் காற்று எழுப்பும் ஒலி வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். தோலும் காதும் கருவிகளாக இருந்த காலம் அது. மூடிய அறை அவற்றை வேலையிலிருந்து ஓய்வு பெறச் செய்தது.

அந்தப் புலன்களுக்கு மீண்டும் வேலை கொடுக்கும் சிறு இடமாகத்தான் இன்றைய இலகு விளையாட்டு விமானங்களை நாம் பார்க்கிறோம். 'லைட் ஸ்போர்ட்' என்ற வகைப்பாட்டை அமெரிக்க அரசு 2004இல் வகுத்தது. அதிகபட்சம் இரண்டு இருக்கைகள், தரையிலிருந்து எழும் சாதாரண விமானமாயின் மொத்த எடை 600 கிலோவுக்குள், ஒரே எஞ்சின், மணிக்கு ஏறத்தாழ 220 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம் என்பன அன்றைய வரம்புகள். 2025இல் வந்த திருத்தம் எடை வரம்பைக் கைவிட்டு, விமானம் எவ்வளவு மெதுவாகப் பறக்க முடியும் என்பதை முதன்மை அளவுகோலாக்கியது. இவ்வகையில் பல விமானங்களின் கதவுகள் மெல்லிய சட்டத்தில் ஒளி ஊடுருவும் தகடு பொருத்தியவை. கீல் ஊசிகளை உருவினால் கையோடு வந்துவிடும். கழற்றிய கதவைக் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் புறப்படலாம்.

புறப்படலாமா என்பதை விமானியின் துணிச்சல் தீர்மானிப்பதில்லை என்பதுதான் நம்மை ஈர்த்த முதல் செய்தி. விமானத்தோடு வரும் கையேடு தீர்மானிக்கிறது. கதவின்றிப் பறக்க அனுமதி உண்டா, உண்டென்றால் எந்த வேகத்துக்குமேல் போகக் கூடாது, இரண்டையும் கழற்ற வேண்டுமா, ஒன்று மட்டும் போதுமா என்பதெல்லாம் தயாரிப்பாளர் சோதித்து எழுதியவை. கையேடு வாய் திறக்காத இடத்தில் கதவைக் கழற்றுவது விதிமீறல். தரையிலேயே கழற்றிவிட்டுப் போவது வேறு, பறக்கும்போது திறப்பது வேறு. முன்னதை அனுமதிக்கும் விமானம் பின்னதையும் அனுமதிக்கும் என்று கொள்ள முடியாது. காற்றில் அடித்துக்கொள்ளும் கதவு கீலை முறித்துக்கொண்டு பின்னால் பறந்தால் வால்பகுதியில் மோதும்.

கதவில்லாத அறைக்குள் காற்று வந்து முகத்தில் அறையும் என்று நாம் கற்பனை செய்கிறோம். முன்கண்ணாடி அப்படியே இருப்பதால் பெருங்காற்று பக்கத்தை ஒட்டி ஓடிவிடுகிறது. உள்ளே சுழல்வது அதன் கிளைகளே. அறையில் உள்ள இலேசான பொருள்களை வெளியே உறிஞ்சும் தன்மை அதற்கு உண்டு. இழுவை கூடுவதால் விமானம் சற்று மந்தமாக ஏறும். ஹெட்செட் ஒலிவாங்கியில் காற்றின் இரைச்சல் புகுந்து பேச்சைக் கெடுக்கும். ஆயிரம் அடி ஏறினால் ஏறத்தாழ 2 டிகிரி குளிரும். தரையில் இதமாக இருந்த மாலை, மேலே அத்தனை வேகக் காற்றில் பல்லைக் கிட்டிக்கச் செய்யும்.

ஆகவே கதவைக் கழற்றுபவரின் வேலை தரையிலேயே தொடங்கிவிடுகிறது. சட்டைப் பையில் பேனா இருக்கக் கூடாது. தொப்பி கூடாது. கைப்பேசியைப் பொத்தானிட்ட பைக்குள் வைக்க வேண்டும், அல்லது கயிற்றால் உடம்போடு பிணைக்க வேண்டும். வரைபடத்தாள் தொடையில் கட்டப்பட வேண்டும். பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் அதன் வாரையும் பூட்டி இறுக்கிவிட வேண்டும். இல்லையேல் அதன் நுனி வெளியே தொங்கி, விமானத்தின் விலாவில் பட்பட்டென்று அடித்துக்கொண்டே வரும். எஞ்சின் பின்னால் அமைந்த விமானங்களில் இக்கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். ஐகான் ஏ5 என்னும் நீரிலும் இறங்கும் விமானத்தில் பக்கச் சாளரங்களைக் கழற்றலாம். அதன் சுழல்விசிறியோ பயணிகளின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. கைநழுவிய ஒரு சாவிக்கொத்துக்கு அங்கே போக வேறு வழியில்லை. எது தளர்ந்திருக்கிறது, எது கட்டப்பட்டிருக்கிறது என்று தன்னைத் தானே தடவிப் பார்த்துக்கொள்ளும் இந்தச் சடங்கில் விடலைத்தனம் எங்கே இருக்கிறது என்று நமக்கு விளங்கவில்லை. ஏடு திருத்தும் பதிப்பாசிரியரின் கவனம் போன்றதொன்றாகவே அது படுகிறது.

எள்ளலுக்குரிய வேறொரு வழக்கம் இருக்கிறது. எள்ளலுக்கும் அப்பால், அச்சத்துக்குரியது என்று சொல்ல வேண்டும். 2018 மார்ச் 11 அன்று மாலை, நியூயார்க்கின் கிழக்கு ஆற்றில் ஒரு ஹெலிகாப்டர் இறங்கிக் கவிழ்ந்தது. கதவுகள் திறந்த படப்பிடிப்புப் பயணம் என்று விற்கப்பட்ட பயணம் அது. மன்ஹாட்டன் கட்டடங்களுக்கு மேலே காலைத் தொங்கவிட்டு, தங்கள் காலணியைப் படம் பிடித்துக்கொள்வது அதில் விற்பனைக் கவர்ச்சி. பயணிகள் வெளியே விழுந்துவிடாதிருக்கக் கூடுதல் வார்கள் மாட்டப்பட்டு, முதுகுப் பக்கத்தில் கயிற்றால் பிணைக்கப்பட்டிருந்தன. முன்னிருக்கைப் பயணியின் கயிறு தரையில் இருந்த எரிபொருள் அடைப்புப் பிடியில் சிக்கி அதை இழுத்துவிட, எஞ்சின் அணைந்தது. நீரில் கவிழ்ந்தபோது விமானி வெளியேறினார். பயணிகள் ஐவரும் வார்களை அவிழ்க்க முடியாமல் மூழ்கி இறந்தனர். கயிற்றை அறுக்க அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது ஒரு சிறு கத்தி. அந்த மாதமே, ஓர் அசைவில் அவிழாத கூடுதல் வார்களோடு கதவில்லாப் பயணங்களை நடத்தக் கூடாதென்று அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகம் ஆணையிட்டது.

இந்த விபத்தைக் காட்டி, கதவில்லாப் பறத்தல் முழுவதையும் ஒழிக்க வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காணத் தவறும் வேறுபாடு ஒன்றுண்டு. இலகு விமானத்தில் திறப்பின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவரே பெரும்பாலும் கட்டுப்பாட்டுக் கோலைப் பிடித்திருப்பவர்; அல்லது அவர் கைக்கெட்டும் தூரத்தில், அவரால் வார் பூட்டப்பட்டு, எதை எப்படி அவிழ்ப்பது என்று அவரிடமே கேட்டு அறிந்துகொண்ட ஒரே ஒரு துணைவர். அந்த ஹெலிகாப்டரில் திறப்பு ஒருவருக்கும், அதைப் பற்றிய அறிவு வேறொருவருக்குமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பயணிகள் காட்சியை வாங்கினார்கள். தம் முதுகில் கட்டப்பட்ட முடிச்சைப் பற்றி அவர்களுக்கு ஒரு சிறு காணொளியும் சில சொற்களுமே கிடைத்தன. முன்னிருக்கைக்காரரின் கயிறு எங்கே தொங்குகிறது என்பது அவரே அறியாத செய்தி. கதவைக் கழற்றியது அவர்களைக் கொல்லவில்லை. கழற்றியவர்களுக்கும் அதன் ஓரத்தில் உட்கார்ந்தவர்களுக்கும் இடையே இருந்த பணப் பரிமாற்றத்தில்தான் கோளாறு என்பது நம் கருத்து. இதே வணிகம் இலகு விமானங்களுக்கும் வருமானால் அங்கேயும் இதையே சொல்வோம்.

இலக்கியத்தின் பக்கம் சற்றுத் திரும்பலாம். 'குட்டி இளவரசன்' வழியாகத் தமிழ் வாசகர் அறிந்த அந்த்வான் து செந்தெக்சுபெரி, 1920களில் துலூசிலிருந்து ஆப்பிரிக்கக் கரையோரமாக அஞ்சல் கொண்டு சென்றது பிரகே 14 என்னும் திறந்த விமானத்தில். 1939இல் வந்த அவருடைய பாலைவன நூலில், எந்திரம் மனிதனை இயற்கையிலிருந்து பிரிக்கிறது என்ற குற்றச்சாட்டை அவர் மறுக்கிறார். உழவனுக்குக் கலப்பை போல விமானிக்கு விமானம் என்பது அவர் கட்சி. கென்யாவில் யானைக் கூட்டங்களை வானிலிருந்து தேடிக் கண்டு சொல்லிவந்த பெரில் மார்க்கம், 1942இல் எழுதிய தன்வரலாற்றிலும் அந்த மண்ணும் காற்றும் அத்தனை அருகில் இருக்கின்றன. அழுத்தமூட்டிய உலோகக் குழாய்க்குள் முந்நூறு பேரோடு நாம் பறக்கத் தொடங்கிய பிறகு இத்தகைய உரைநடை அருகிவிட்டது. விமானப் பயணம் பற்றி இப்போது எழுதப்படுபவை பெரும்பாலும் விமான நிலையங்களைப் பற்றியவை.

நம்முடைய மேடைகளிலோ, புறநானூற்றின் 27ஆம் பாட்டில் ஓட்டுபவனில்லாமல் செல்லும் வானவூர்தி வருகிறது என்று அடிக்கடி பெருமை பேசுகிறோம். ஓட்டுபவனின் கன்னத்தில் காற்று எந்தப் பக்கம் படுகிறது என்று எழுத நம்மிடம் ஆள் அரிது. பெருமைக்கு ஊர்தி போதும். உரைநடைக்குக் கன்னம் வேண்டியிருக்கிறது.

இறுதியாக, நமக்கு மிகப் பிடித்த கதவைப் பற்றி. பைப்பர் ஜே-3 கப் என்னும் மஞ்சள் நிற விமானம் 1938 முதல் 1947 வரை, பெரும்பாலும் பென்சில்வேனியாவின் லாக் ஹேவன் நகரில், ஏறத்தாழ 20,000 எண்ணிக்கையில் கட்டப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க விமானிகளில் மிகப் பலர் முதன்முதலில் பழகியது இதில்தான். எடை 600 கிலோவுக்குள் அடங்குவதால், 2004ஆம் ஆண்டின் விதி இந்தக் கிழ விமானத்தையும் புதியவற்றோடு ஒரே வரிசையில் சேர்த்துவிட்டது. வலப்பக்கத்தில் மட்டும் கதவு. அதுவும் கிடைமட்டமாக இரண்டு பாதி. மேல்பாதியை இறக்கையின் அடியில் தூக்கி மாட்டிவிடலாம், கீழ்ப்பாதி வெளிப்புறமாக மடங்கித் தொங்கும். கோடையில் இப்படித் திறந்து வைத்தே பறப்பவர்கள் மிகுதி. தனியாகப் பறப்பவர் பின்னிருக்கையில் உட்கார வேண்டும். அங்கிருந்து பார்த்தால் முழங்காலுக்கு அருகே வயலும் வேலியும் போய்க்கொண்டிருக்கும்.

விமானம் மிக மெதுவாகி, இறக்கை தூக்குந்திறனை இழக்கப்போகும் நிலையை விமானிகள் 'ஸ்டால்' என்பார்கள். புதிய விமானங்களில் அதை எச்சரிக்க ஒலிப்பான் உண்டு. கப் விமானத்தில் அப்படி எதுவும் பொருத்தவில்லை. ஆனால் அந்நிலை நெருங்கும்போது காற்றோட்டத்தின் திசை மாறி, அதுவரை விலாவோடு தொங்கிக்கொண்டிருந்த கதவின் கீழ்ப்பாதி தானாகவே மேலே மிதக்கத் தொடங்கும். பழகிய விமானிகள் புல்வெளியில் இறங்கும்போது, சக்கரம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், கடைக்கண்ணால் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள்.