மூடப்பட்ட கோப்பும் மூடாத கதவும்

கல்லறைத் திருநாளன்று மாலையில் ஊர் முழுவதும் கல்லறைத் தோட்டத்தில் கூடுகிறது. சுண்ணாம்பு பூசிய சிலுவைகளும் சாமந்திப் பூக்களும் மெழுகுதிரி வெளிச்சமுமாய் அந்த இடமே ஒரு திருவிழாக் கோலம் கொள்கிறது. முன்பு நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில், அந்நாளில் ஒரு தாய் மட்டும் ஆண்டுதோறும் தோட்டத்தின் வாயிலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருப்பார். கையில் மெழுகுதிரி இருக்கும், அது ஏற்றப்பட்டிராது. ஒன்பது வயதில் கடைக்குச் சென்ற அவருடைய மகன் திரும்பி வரவில்லை. உள்ளே வந்துவிட்டால் மகன் இறந்துவிட்டான் என்று தாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். வீட்டிலேயே இருந்துவிட்டாலோ, ஒருவேளை அவன் இறந்திருந்தால், அவனுக்கென ஒரு திரிகூட ஏற்றாத தாயாகிவிடுவார். ஆகவே அவர் வாயிலில் நின்றார்.

ஒருநாள் அவர் திருப்பலிக்குக் கருத்துக் கொடுக்க வந்தார். பதிவேட்டைத் திறந்து மகனின் பெயரை எழுதினோம். "சாமி, உயிரோட இருக்கவங்க பக்கத்துல எழுதணுமா, இறந்தவங்க பக்கத்துல எழுதணுமான்னு நீங்களே பாத்து எழுதிக்குங்க" என்றார். குருமடத்தில் ஆண்டுக்கணக்கில் இறையியல் பயின்ற நமக்கு எழுதுகோல் ஓடவில்லை. வெறும் பெயரை மட்டும் எழுதி வைத்தோம்.

அந்தப் பெயருக்கு முன் நமக்கு அன்று விடையில்லை, இன்றும் இல்லை. ஆனால் அந்தத் தாயை வாயிலில் நிறுத்தியது விதியன்று என்பதை மட்டும் இத்தனை ஆண்டுகளில் தெளிவாய்க் கற்றுக்கொண்டிருக்கிறோம். தேடுவதை நிறுத்திய ஓர் அரசு இயந்திரமும், கேட்பதை நிறுத்திய ஒரு சமூகமும், ஆறுதல் என்ற பெயரில் வாயடைத்த நாமும் சேர்ந்தே அவரை அங்கே நிறுத்தினோம். இக்கட்டுரை இம்மூவர் மீதும் தொடுக்கும் வழக்கு.

'காலம் ஆற்றும்' என்னும் பொய்

இறப்பு கொடியது; ஆயினும் அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. உடலைக் கழுவுகிறோம்; ஒப்பாரி வைக்கிறோம்; மண் போடுகிறோம்; முப்பதாம் நாள் பூசை வைக்கிறோம். காணாமற்போன பிள்ளையின் வீட்டில் இவற்றுள் எதுவும் நடவாது. அமெரிக்க உளவியல் அறிஞர் பவுலின் பாஸ் என்பவர், வியட்நாம் போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்து, இந்நிலைக்கு 'தெளிவற்ற இழப்பு' என்னும் பொருள்படும் பெயரை 1970-களில் சூட்டினார். உடலால் இல்லாதவர் உள்ளத்தில் நீங்காதிருக்கும் நிலை அது. அத்தகையோர் துயரில் உறைந்து போவது அவர்களுடைய மனத்தின் பலவீனத்தால் அன்று, அவர்கள் நிற்கும் நிலையின் இயல்பால் என்பதே அவர் கண்ட முடிவு. 'இன்னுமா அழுதுகொண்டிருக்கிறாள்?' என்று கேட்கும் அண்டை வீட்டார் இதைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

இதை அமெரிக்கா சொல்லித்தான் நாம் அறிய வேண்டும் என்பதில்லை. தொடக்க நூலில், குருதி தோய்ந்த அங்கியைக் கண்ட யாக்கோபு, பிள்ளைகள் அனைவரும் திரண்டு வந்து தேற்றியும் தேற மறுத்துவிட்டார். ஏன் மறுத்தார்? இறந்தவரைக் குறித்து மனித உள்ளம் காலப்போக்கில் தேறிவிடும். உயிரோடிருப்பவனை இறந்தவனாய் எண்ணித் தேறுதல் கொள்ள அதற்கு இயலாது என்று யூத விளக்கவுரையாளர்கள் எழுதினர். யோசேப்போ எகிப்தில் உயிரோடிருந்தான். தேற்ற வந்தவர்களுள் அவனை விற்றவர்களும் இருந்தனர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. ஆறுதல் சொல்ல வரும் எல்லா வாயும் தூய வாயன்று.

1979 மே 25 அன்று நியூயார்க் நகரில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன், முதன்முறையாகத் தனியே பள்ளிப் பேருந்துக்கு நடந்து சென்றான், போனவன் போனவனே. அந்நாளே இன்று உலகெங்கும் காணாமற்போன குழந்தைகளின் நாளாக நினைவுகூரப்படுகிறது. அவனுடைய பெற்றோர் பல பத்தாண்டுகள் வீட்டையும் மாற்றவில்லை. தொலைபேசி எண்ணையும் மாற்றவில்லை. பிள்ளை அறிந்த எண் அது ஒன்றுதானே! நம் ஊர்களிலும் இத்தகைய வீடுகள் உண்டு. அவற்றுக்குத் தொலைபேசி எண் இல்லாமல் இருக்கலாம். தாழிடாத கதவு உண்டு.

'எங்காவது ஓடியிருப்பான்'

நம் நாட்டின் கணக்கைப் பார்ப்போம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஏட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் காணாமற்போன குழந்தைகள் 83,350 பேர். அவர்களுள் 62,946 பேர் சிறுமியர். அதே ஆண்டில் கண்டறியப்பட்டவர்கள், முந்தைய ஆண்டுகளில் தொலைந்தோரையும் சேர்த்து, 80,561 பேர். 'பெரும்பாலோர் கிடைத்துவிடுகிறார்களே!' என்று இதைக் காட்டி அமைதி கொள்வோர் உண்டு. கிடைத்தவர்களுக்காக நாமும் இறைவனைப் போற்றுகிறோம். ஆனால் அவ்விரு எண்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம் 2,789. ஓராண்டின் பாக்கி அது. அடுத்த ஆண்டு அதன்மீது மற்றொரு பாக்கி ஏறும். வங்கிக் கடனுக்கு வட்டி கேட்கும் அரசு, இந்தக் கடனுக்கு யாரிடமும் கணக்குக் கேட்பதில்லை.

புகார் கொடுக்கச் செல்லும் ஏழைப் பெற்றோர் கேட்கும் முதற்சொல் என்ன? 'எங்காவது ஓடியிருப்பான், பசித்தால் வந்துவிடுவான்.' பெண் பிள்ளையாயின் அந்தச் சொல் இன்னும் கூர்மையானது. அதை இவ்வேட்டில் எழுத நம் கை கூசுகிறது. வாயிலில் நின்ற அந்தத் தாய்க்கும் ஒரு காவல் நிலையத்தில் இதே சொல்தான் கிடைத்தது. நான்கு நாட்கள் அலைந்த பின்னரே அவருடைய புகார் தாளில் ஏறியது. அந்நான்கு நாட்களில் ஒரு தொடர்வண்டி இந்நாட்டின் மறுகோடிக்கே சென்றுவிடும்.

இந்தச் சொல்லின் விலையை நொய்டாவுக்கு அருகிலுள்ள நிதாரி சிற்றூர் கொடுத்தது. பிழைப்புத் தேடி வந்த கூலித் தொழிலாளரின் பிள்ளைகள் அங்கே ஒருவர் பின் ஒருவராகக் காணாமற்போயினர். பெற்றோர் காவல் நிலையத்தின் படிகளில் மீண்டும் மீண்டும் ஏறினர். ஓடிப்போயிருப்பார்கள் என்று திருப்பி அனுப்பப்பட்டனர். 2006 டிசம்பர் இறுதியில், ஒரு வீட்டின் பின்புறச் சாக்கடையிலிருந்து குழந்தைகளின் எலும்புகள் எடுக்கப்பட்டன. அதற்கு முந்தைய மாதத்தில்தான், அதே நொய்டா நகரில், பெரிய நிறுவனமொன்றின் உயர் அலுவலரின் குழந்தை கடத்தப்பட்டுச் சில நாட்களுக்குள் வீடு திரும்பியது. அக்குழந்தை மீண்டதில் நமக்கு மகிழ்ச்சியே. தேடுவதற்கு ஆளில்லை, கருவியில்லை என்பார்க்கு அதுவே பதில். தேடத் தெரியும், யாருக்காகத் தேடுவது என்பதில்தான் வேறுபாடு.

அதன்பின் நடந்ததோ இன்னும் கொடிது. கீழ் நீதிமன்றங்கள் மரண தண்டனை விதித்த வழக்குகளில், குற்றம் சாட்டப்பட்டோரை 2023 அக்டோபரில் அலகாபாத் உயர்நீதிமன்றம் விடுவித்தது. புலன்விசாரணை நடத்தப்பட்ட முறையையும் கடுமையாகச் சாடியது. 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம் அவ்விடுதலையை உறுதி செய்தது. எஞ்சிநின்ற கடைசி வழக்கிலும் 2025 நவம்பரில் விடுதலை. சான்றில்லாமல் எவரையும் தண்டிக்கக் கூடாது என்பதில் நமக்கு இருவேறு கருத்து இல்லை. ஆனால் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின், தங்கள் பிள்ளைகளைக் கொன்றவர் யார் என்னும் கேள்விக்குச் சட்டத்தின் முன் விடையே இல்லை என்று அந்தக் கூலித் தொழிலாளர்கள் அறிந்துகொண்ட அந்நாளை எண்ணிப் பாருங்கள். முதல் நாள் அலட்சியம் கடைசி நாள் இருளாக முடிந்தது.

'சில பிள்ளைகள் உண்மையிலேயே வீட்டை விட்டு ஓடுகிறார்களே?' என்பது நியாயமான கேள்வி. ஆம், ஓடுகிறார்கள். குடிகாரத் தந்தையின் அடிக்கும், தேர்வுத் தோல்விக்கும், வாய்விட்டுச் சொல்ல முடியாத தீங்குகளுக்கும் அஞ்சி ஓடுகிறார்கள். அப்படி ஓடும் பிள்ளை தொடர்வண்டி நிலையத்தில் முதலில் சந்திப்பது யாரை? அன்புள்ளவரையே சந்திக்கும் என்று உறுதி கூற எவரால் இயலும்? ஓடிய பிள்ளையை இன்னும் விரைவாய்த் தேட வேண்டும் என்பதே இதிலிருந்து பெறத்தக்க முடிவு.

சட்டம் உண்டு, செவி இல்லை

சட்டம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 2013 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் தெளிவாய்ச் சொல்லிவிட்டது: குழந்தையைக் காணவில்லை என்னும் ஒவ்வொரு புகாருக்கும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை அதனைக் கடத்தலாகவே கருத வேண்டும். 2016-ஆம் ஆண்டின் இளைஞர் நீதி மாதிரி விதிகளின்படி, நான்கு மாதங்களுக்குள் பிள்ளை கிடைக்காவிடில், வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற்றப்பட வேண்டும்; அப்பிரிவு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அறிக்கை தர வேண்டும். இவ்விதியைத் தம் ஊர்ப் பெற்றோர்க்கு எடுத்துச் சொன்ன பங்குத்தந்தையர் எத்தனை பேர்? நாமே பல ஆண்டுகள் இதை அறியாதிருந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

அந்த விதியிலும் நாம் ஒரு குறை காண்கிறோம். அறிக்கை ஆணைக்குழுவுக்குப் போகிறது; தாய்க்கு என்ன போகிறது? 'கண்டுபிடிக்க இயலவில்லை' என்று எழுதிக் கோப்பை மூடுகிறவர், அந்தத் தாளை அவள் கையில் கொடுத்து, எங்கெங்கே தேடினோம், எவரெவரை விசாரித்தோம் என்று நேரில் விளக்கக் கடமைப்பட்டவர் அல்லரா? அடையாளம் தெரியாத ஒவ்வோர் உடலோடும், இல்லங்களில் வளரும் ஒவ்வொரு பெயரறியாப் பிள்ளையோடும் ஒப்பிட்டுப் பார்க்கப் பெற்றோரின் மரபணு மாதிரியை எடுத்து வைப்பதில் என்ன தடை?

ஏழாண்டுகள் செய்தியில்லையேல் ஒருவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்னும் விதியும் உண்டு. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 108-ஆம் பிரிவாயிருந்த அது, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 111-ஆம் பிரிவாய்த் தொடர்கிறது. சொத்துக்கும் உரிமைக்கும் அது தேவையாயிருக்கலாம். ஆனால் ஒரு தாயின் கருப்பைக்கு ஏழாண்டுக் காலக்கெடு விதிக்க எந்தச் சட்டமன்றத்திற்கும் அதிகாரமில்லை. 1990-களின் இறுதியில் சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து திருடப்பட்ட குழந்தைகள் சிலர், பொய்யான ஆவணங்களோடு தத்தெடுப்பு வழியே வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டது 2005-இல்தான் வெளிப்பட்டது. ஆறேழு ஆண்டுகள் 'மறந்துவிடு' என்று அந்தத் தாய்மாருக்குப் புத்தி சொன்னவர்கள் அன்று எங்கே முகத்தை வைத்துக்கொண்டார்கள்? பிள்ளைகள் வேறொரு நாட்டில், வேறொரு பெயரில் வளர்ந்துகொண்டிருந்தனர். தாயின் பிடிவாதமே அங்கு மெய்யாயிற்று.

நம் கணக்கு

காவல்துறையை மட்டும் சாடிவிட்டு நாம் கைகழுவ முடியாது. கைகழுவியவனின் பெயரை நாம் ஞாயிறுதோறும் நம்பிக்கை அறிக்கையில் சொல்கிறோம். தொலைந்த பொருளுக்குப் புனித அந்தோனியாரிடம் செவ்வாய்க்கிழமை விண்ணப்பம் எழுதிப் போடுகிற நம் மக்களின் பக்தியை நாம் பழிப்பதில்லை. ஆனால் அப்பெட்டியில் விழும் தாளில் ஒரு பிள்ளையின் பெயர் இருக்குமாயின், அதைப் படித்த குருவானவர் காவல் நிலையத்துக்கும் நடக்க வேண்டும். பன்னிரண்டு வயது இயேசுவைத் தேடிய மரியாவும் யோசேப்பும் வழியிலேயே முழந்தாளிட்டு நின்றுவிடவில்லை. உறவினரிடமும் அறிமுகமானவரிடமும் தேடினர். வந்த வழியே எருசலேமுக்குத் திரும்பி நடந்தனர். மூன்று நாட்கள் நீண்ட அந்தத் தேடலே 'மகிழ்ச்சி நிறை மறைபொருளாக' நம் செபமாலையில் நிற்கிறது. மூன்று நாட்கள் முப்பது ஆண்டுகளாகிவிட்ட தாயும் அதே மணிகளைத்தான் உருட்டுகிறாள் என்பதை எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

'தாய் கவனமாயிருந்திருந்தால் இப்படி நடந்திருக்குமா?' என்னும் திண்ணைப் பேச்சு முதலில் ஒழியட்டும். பிள்ளையை இழந்த கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டிப் பிரிந்து போகும் கொடுமைக்கு அந்தப் பேச்சே விறகு. வீட்டில் எஞ்சிய மற்றப் பிள்ளைகளும் உண்டு. தெருவுக்கு அனுப்பப்படாமல், சிரிக்கவும் அஞ்சி, தொலைந்த அண்ணனின் நிழலில் வளரும் அவர்களைப் பற்றி எவரும் கேட்பதில்லை. அவர்களைக் கேளுங்கள். பெற்றோருடன் காவல் நிலையத்துக்குப் படித்தவர் ஒருவர் துணை செல்லட்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கட்டும். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண் ஒவ்வோர் ஆலய அறிவிப்புப் பலகையிலும் இருக்கட்டும். ஆண்டுகள் எத்தனை கடந்தாலும், அந்தப் பிள்ளையின் பெயர் மாதம் ஒருமுறையேனும் திருப்பலியில் உரக்கச் சொல்லப்படட்டும்.

உயிரோடிருப்பவர் பக்கத்திலா, இறந்தவர் பக்கத்திலா என்னும் அந்தத் தாயின் கேள்விக்கு விடை சொல்லும் கடமை அரசுக்கு உண்டு. அந்த விடை வரும்வரை கேட்டுக்கொண்டேயிருக்கும் கடமை நமக்கு உண்டு. கோப்பை மூடுகிறவர்கள் ஒன்றை அறிந்துகொள்ளட்டும்: அந்தத் தாய் தன் வீட்டுக் கதவை இன்னும் தாழிடவில்லை.