கப்பிச் சாலைகள் சைக்கிளுக்கே: அந்தமானிலிருந்து ஒரு கொள்கைப் பிரகடனம்

அந்தமான் தீவுகளில் சைக்கிள் ஓட்டுகிறவர்களும் விவசாயிகளும் ஆசிரியர்களும் சேர்ந்து ஓர் இயக்கத்தைத் தொடங்குகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றே. இந்தத் தீவுகளின் வயல்வெளிகளிலும் ஆற்றோரங்களிலும் ஏற்கெனவே கிடக்கிற கப்பிச் சாலைகளையும் மண்பாதைகளையும் தார் போடாமல், அகலப்படுத்தாமல், மோட்டார் வண்டிகளுக்குத் திறந்துவிடாமல், சைக்கிளில் போகிறவர்களுக்கும் நடந்து போகிறவர்களுக்கும் விட்டுவைக்க வேண்டும். புதிதாக எதையும் கட்டித் தரச் சொல்லவில்லை. இருப்பதைக் காப்பாற்றுங்கள் என்கிறோம்.

அந்தமான் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு செல்லுலார் சிறையும் ராதாநகர் கடற்கரையும்தான் நினைவுக்கு வரும். இந்தத் தீவுகளுக்கு இன்னொரு முகம் உண்டு. அது நெல் வயலின் முகம். 1949 முதல் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்களை அரசு இங்கே குடியமர்த்தியபோது, குடும்பத்துக்குப் பத்து ஏக்கர் என்று நிலம் பிரித்துக் கொடுத்தது. அதில் ஐந்து ஏக்கர் நெல்லுக்கான தாழ்நிலம், ஐந்து ஏக்கர் வீடும் தோப்பும் வைக்க மேட்டு நிலம். அன்று வகுத்த அந்தக் கணக்கு இன்றும் ஊர்களின் அமைப்பில் தெரிகிறது. நடுவே பச்சை வயல், இருபுறமும் பாக்கும் தென்னையும் நிற்கும் டிகரி என்னும் மேட்டு நிலம், மேடும் பள்ளமும் சந்திக்கிற கோட்டில் வளைந்து செல்லும் ஒரு கச்சா ரோடு. கப்பிச் சாலையில் ஓட்டும் கிராவல் சைக்கிள் ஓட்டத்துக்காக உலகின் பல ஊர்களில் தேடி அலைகிற பாதை இதுதான். நமக்கு அது வீட்டு வாசலில் இருக்கிறது.

வடக்கு அந்தமானின் டிக்லிபூரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தமானின் மிக உயர்ந்த சிகரமான 732 மீட்டர் சேடில் பீக்கிலிருந்து இறங்கி, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் ஓடி, ஏரியல் பே பக்கம் கடலைத் தொடுகிறது கல்போங். ஆறு என்று சொல்லும்படி அந்தமானில் ஓடுவது அது ஒன்றுதான். மற்றவை பெரும்பாலும் ஓதம் ஏறி இறங்கும் நாலாக்கள் எனப்படும் ஓடைகள். அந்த வட்டாரத்தில் மதுபூர், சீதாநகர், லட்சுமிபூர், சுவராஜ்கிராம் என்று நெல் விளையும் ஊர்கள் பரந்து கிடக்கின்றன. ஜனவரி பிறந்து மழை ஓய்ந்தபின், அறுவடை முடிந்த வயல்களின் ஓரமாக, ஒரு பக்கம் சேடில் பீக்கின் கருநீல முதுகு தெரிய, காலை ஐந்தரை மணிக்குச் சைக்கிள் மிதித்துப் பாருங்கள். எதிரே வருவது பள்ளிப் பிள்ளைகளாக இருக்கும், அல்லது மாட்டை ஓட்டிக்கொண்டு வயலுக்குப் போகும் ஒருவராக இருக்கும். ஹாரன் சத்தம் இல்லாத ஒரு மணி நேரம் மனிதனுக்கு என்ன செய்கிறது என்பதை அங்கே உடம்பே உணர்ந்துகொள்ளும்.

தெற்கு அந்தமானில் மங்லுட்டானும் காலின்பூரும் திரூரும் இருக்கின்றன. ஷஹீத் துவீப் என்று பெயர் மாறிய நீல் தீவு காய்கறித் தோட்டம் நிறைந்த சமநிலம். ஒரே காலையில் அதைச் சைக்கிளில் சுற்றிவிடலாம். முன்பு மரம் ஏற்றிய லாரிகள் போன தடங்கள் வேறு இருக்கின்றன. 2002இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப் பின் மரம் வெட்டுவது சுருங்கியதால் அவற்றில் பல செடி மண்டிக் கிடக்கின்றன. வனத்துறை அனுமதிக்கும் இடங்களில் அவற்றையும் சைக்கிள் பாதைகளாக மீட்கலாம்.

இந்த நிலம் சைக்கிளுக்கு ஏற்றது என்பதற்குச் சான்று எங்கள் பிள்ளைகளே. நிக்கோபாரைச் சேர்ந்த டெபோரா ஹெரால்ட் 2004 டிசம்பர் 26 சுனாமியில் மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர் பிழைத்தபோது அவருக்கு ஒன்பது வயது. அந்தச் சிறுமிதான் பின்னாளில் இந்தியாவின் முன்னணி டிராக் சைக்கிள் வீராங்கனையாகி, 500 மீட்டர் டைம் டிரயலில் உலகத் தரவரிசையின் நான்காம் இடம் வரை போனார். அதே நிக்கோபாரிலிருந்து போன ஈசோ அல்பன் 2018இல் சுவிட்சர்லாந்தின் ஏகிள் நகரில் நடந்த ஜூனியர் உலகச் சாம்பியன்ஷிப்பில் கெய்ரின் பந்தயத்தில் வெள்ளி வென்றார். சைக்கிள் உலகச் சாம்பியன்ஷிப் எதிலும் இந்தியா வென்ற முதல் பதக்கம் அது. அடுத்த ஆண்டு ஜெர்மனியில் அணி ஸ்பிரிண்டில் தங்கம் வந்தது. அந்த அணியிலும் அவர் இருந்தார். 2011 கணக்கெடுப்பின்படி நான்கு லட்சம் பேர்கூட இல்லாத தீவுக்கூட்டம் இத்தனை செய்திருக்கிறது. அப்படிப்பட்ட மண்ணில் பத்து வயதுப் பிள்ளையைச் சைக்கிளில் தனியாகப் பக்கத்து ஊருக்கு அனுப்ப ஒரு தாய் பயப்பட வேண்டியிருப்பது நியாயமா?

பயத்துக்குக் காரணம் பெரிய சாலைதான். லாரியும் பஸ்ஸும் சுற்றுலா வேன்களும் விரையும் அந்தமான் டிரங்க் ரோட்டில் சைக்கிளுக்கு ஓரம் கிடையாது. ஜராவா பழங்குடிக் காப்பகத்தின் வழியே போகும் பகுதி நீங்கலாக, அந்தச் சாலையை எதிர்த்து நாங்கள் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் ஜெட்டிக்கும் போக ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நல்ல தார்ச் சாலை வேண்டும். அது மக்களின் உரிமை. அதைத் தடுக்கும் எவரோடும் நாங்கள் சேரமாட்டோம். எங்கள் பேச்சு அதற்கடுத்த வரிசைப் பாதைகளைப் பற்றியது: வயல் வரப்போரச் சாலை, உப்புநீர் ஏறாமல் தடுக்கப் போட்ட மண்கரை, ஆற்றங்கரைத் தடம். இவற்றுக்கும் தார் போட்டால் ஊருக்குக் கிடைப்பது கொஞ்சம் வேகம். போவது பிள்ளைகள் பயமில்லாமல் ஓட்டக்கூடிய கடைசி இடம்.

செலவுக் கணக்கும் எங்கள் பக்கம்தான் நிற்கிறது. தாரும் சிமெண்டும் கப்பலில் வங்கக் கடலைத் தாண்டி வர வேண்டும். மணல் எடுப்பதற்கோ உச்ச நீதிமன்றக் கட்டுப்பாடு இருக்கிறது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டும் நாட்டில் பராமரிக்காத தார்ச் சாலை சில பருவங்களிலேயே குழியாகிவிடும். குழி விழுந்த தார், கப்பியைவிட மோசம். நடுவில் சற்று உயர்த்தி, இருபுறமும் வடிகால் வெட்டி, நாலா குறுக்கிடும் இடத்தில் கல்வெர்ட் போட்டு, மழைக்காலம் முடிந்ததும் கப்பி பரப்பி ரோலர் ஓட்டினால் அந்தச் சாலை பல்லாண்டு நிற்கும். அந்த வேலையை ஊர்க்காரர்களே செய்யலாம். கூலியும் ஊரிலேயே தங்கும்.

இப்படிக் கேட்பது நாங்கள் முதலல்ல. இத்தாலியின் டஸ்கனியில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் வெள்ளைச் சரளைச் சாலைகள் ஒவ்வொன்றாகத் தாருக்குள் மறைந்துகொண்டிருந்தபோது, அவற்றைக் காக்கவே 1997இல் கையோலே என்ற சிற்றூரில் எல்'எரோய்க்கா என்னும் சைக்கிள் ஓட்டம் தொடங்கியது. முதல் ஆண்டு நூறு பேர்கூட வரவில்லை. இன்று உலகெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். 2007 முதல் அதே சாலைகளில் தொழில்முறை வீரர்களின் பந்தயமும் நடக்கிறது. புழுதிச் சாலை ஒரு வட்டாரத்தின் சொத்தாக முடியும் என்பதை அந்த விவசாயப் பூமி காட்டிவிட்டது.

எங்களுக்கு அதைவிட நெருக்கமான முன்னோடி புதுக்கோட்டை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தில், அந்த வறண்ட மாவட்டத்தில் பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். குவாரித் தொழிலாளிகளும் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஊர்க் கண்களுக்கு எதிரே மண்சாலையில் விழுந்து எழுந்து ஓட்டினார்கள். சைக்கிள் அவர்களுக்கு விளையாட்டுச் சாமான் அல்ல. கணவனையோ அண்ணனையோ எதிர்பார்க்காமல் சந்தைக்கும் தண்ணீருக்கும் வேலைக்கும் போகும் சுதந்திரம். அந்த மரபின் பிள்ளைகளாகவே நாங்கள் எங்களைக் கருதுகிறோம். ஆகவே விலையுயர்ந்த இறக்குமதிச் சைக்கிள் வைத்திருப்பவர்களின் கிளப்பாக இந்த இயக்கம் ஒருநாளும் மாறாது. பின்னால் கேரியர் வைத்த, 28 அங்குல டயர் போட்ட ஹீரோவும் அட்லஸும் கிராவல் பைக் என்ற பெயர் பிறக்கும் முன்பே கப்பிச் சாலையில் நெல் மூட்டை சுமந்தவை. அவற்றுக்குத்தான் இங்கே முதல் மரியாதை.

எங்கள் எல்லைகளையும் இங்கே சொல்லிவிடுகிறோம். ஜராவா காப்பகத்துக்குள் எந்தப் பாதையையும் நாங்கள் கேட்கமாட்டோம், அங்கே சைக்கிளும் ஓட்டமாட்டோம். ஜிர்க்காடாங்குக்கும் மிடில் ஸ்ட்ரெய்ட்டுக்கும் நடுவே உள்ள காடு ஜராவா மக்களின் வீடு. டிரங்க் ரோட்டின் அந்தப் பகுதியை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002இலேயே ஆணையிட்டது. அந்த ஆணையை நாங்கள் முழுமையாக ஆதரிக்கிறோம். வடக்கே போக வேண்டியவர்கள் சைக்கிளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகட்டும். லிட்டில் அந்தமானின் ஓங்கே காப்பகத்துக்கும் நிக்கோபாரின் பழங்குடிப் பகுதிகளுக்கும் இதே விதிதான். ஆமைகள் முட்டையிடும் மாதங்களில் காளிப்பூர், ராம்நகர் கடற்கரைகளின் பக்கம் இருட்டில் விளக்கோடு ஓட்டமாட்டோம். நாலா ஓரத்தில் முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் இறங்கமாட்டோம், பிள்ளைகளை இறங்கவும் விடமாட்டோம். மே முதல் டிசம்பர் வரை களிமண் ஊறிக் கிடக்கும் நாட்களில் சக்கரம் பதிந்து பாதை கெடும். அப்போது விவசாயி வேண்டாம் என்றால் திரும்பிவிடுவோம்.

அரசிடம் கேட்பது இவைதான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, குறிப்பிட்ட சாலையில் வாகனங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுக்கிறது. பஞ்சாயத்துகள் பரிந்துரைக்கும் கப்பிச் சாலைகளை அந்தப் பிரிவின் கீழ் அறிவிக்க வேண்டும். உழவு டிராக்டருக்கும் ஆம்புலன்ஸுக்கும் அந்தச் சாலையில் வீடுள்ளவர்களின் வண்டிக்கும் விலக்கு இருக்கட்டும். தீவுகளுக்கிடையே ஓடும் அரசுப் படகுகளில் சைக்கிள் வைக்கத் தனியிடம் வேண்டும். பள்ளிக்கூட நேரத்தில் அறிவிக்கப்பட்ட அந்தக் கப்பிச் சாலைகளில் ஆம்புலன்ஸைத் தவிர வேறு எந்த வண்டியும் நுழையக் கூடாது. இந்திய நேரக் கணக்கில் எங்களுக்கு டிசம்பரில் மாலை ஐந்தே காலுக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது என்பதையும் அதிகாரிகள் மனத்தில் கொள்ள வேண்டும். வேலை முடிந்து வருகிறவருக்கு மாலை வெளிச்சம் கிடையாது. எங்கள் சைக்கிள் நேரம் விடிகாலைதான், அந்த நேரத்திலாவது பாதை எங்களுக்கு வேண்டும்.

எங்கள் பங்குக்கு, மழை ஓய்ந்த ஒவ்வொரு ஜனவரியிலும் மண்வெட்டியோடு போய் வடிகால் வெட்டுவோம். பழைய சைக்கிள்களைப் பழுதுபார்த்து, உப்புக்காற்றில் துருப்பிடித்த செயினை மாற்றி, சைக்கிள் இல்லாத பிள்ளைகளுக்குக் கொடுப்போம். அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் ஓட்டக் கற்றுக்கொடுப்போம். தமிழரும் வங்காளிகளும் கரேன்களும் ராஞ்சிக்காரர்களும் நிக்கோபாரிகளும் கலந்து வாழும் ஊர்கள் இவை. கூட்டம் எந்த மொழியில் வேண்டுமானாலும் நடக்கலாம்.

உங்கள் ஊரில் வயலோரமாகவோ ஆற்றோரமாகவோ தார் படாத ஒரு பாதை இருந்தால், அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று அதன் பெயரைச் சொல்லுங்கள். அது சைக்கிளுக்கும் நடைக்கும் மட்டும் என்று தீர்மானம் எழுதச் சொல்லி, பஞ்சாயத்துத் தலைவரான பிரதானிடம் கையெழுத்து வாங்குங்கள்.