ஈரத்தை மேலே வையுங்கள்

சென்ற ரமளானுக்குச் சில நாள்கள் முன்பு, உம்மாவின் கைப்பேசியில் அஸர் பாங்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிந்தி ஒலித்தது. ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் எங்கள் மஹல்லாப் பள்ளியில் அதற்குள் ஜமாஅத் முடிந்து மக்கள் கலைந்திருந்தனர். “மோதினாருக்கு இன்று என்ன அவசரம்?” என்றுதான் உம்மா கேட்டார்கள். கைப்பேசி தவறக்கூடும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

முந்தைய இரவு செயலி தானாகவே புதுப்பிக்கப்பட்டிருந்தது. அஸர் கணக்கு ஹனஃபி முறைக்கு மாறியிருந்தது. நிழல் ஒரு மடங்கா, இரு மடங்கா என்னும் கருத்து வேறுபாடு நாம் அறியாததல்ல; அதைப் பற்றி வாதிட இதை எழுதவில்லை. மாற்றத்தைப் பற்றிப் புதுப்பிப்புக் குறிப்பில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று திறந்து பார்த்தேன். சில பிழைகள் திருத்தப்பட்டன, செயல்திறன் மேம்படுத்தப்பட்டது என்று ஒரே ஒரு வரி. அதுவும் ஆங்கிலத்தில்.

அஸர் பிந்தியதால் வக்து தவறிவிடவில்லை. இதுவே ஃபஜ்ரில் நடந்திருந்தால்? கராச்சிப் பல்கலைக்கழக முறை, சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகையில் இருக்கும்போது ஃபஜ்ர் தொடங்குவதாகக் கணக்கிடுகிறது. வட அமெரிக்காவின் இஸ்னா முறை 15 பாகை என்கிறது. தமிழகத்தில் இந்த மூன்று பாகைக்கு 12, 13 நிமிடங்கள் ஆகும். செயலி ஓசையின்றி 18-லிருந்து 15-க்கு மாறினால், மஹல்லா அட்டவணைப்படி ஸஹர் முடிந்த பின்னரும் ஒரு குடும்பம் உண்டுகொண்டிருக்கும். யாரும் சுட்டிக்காட்டாவிட்டால் மாதம் முழுவதும் அப்படியே கழியும்.

கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்ட நிகழ்ச்சி முஸ்லிம் ஹதீஸ் நூலில் பதிவாகியுள்ளது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். அவர் பொய் சொன்னதாக அறிவிப்பில் இல்லை. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்பதே அவரிடம் கேட்கப்பட்டது. அதைத் தொடர்ந்து வந்த கடும் எச்சரிக்கையை நாம் அறிவோம். ‘பிழைகள் திருத்தப்பட்டன’ என்ற வரியும் பொய்யன்று. ஈரம் அடியில் இருக்கிறது, அவ்வளவுதான். குறை மறைக்கப்பட்ட பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை ஃபிக்ஹு வாங்கியவருக்கு வழங்குகிறது. புதுப்பிக்கப்பட்ட செயலியின் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி உம்மாவைப் போன்றவர்களுக்கு ஏது?

நானும் மென்பொருள் துறையில் இருப்பவன். அந்த வரியைப் பலமுறை எழுதியவன். குறிப்பை யார் படிக்கிறார்கள் என்பதே எங்கள் வழக்கமான சமாதானம். படித்து ஏமாந்தவர்கள்தாம் படிப்பதை விட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. இடமில்லை என்பதும் பொருந்தாது. கூகுள் பிளே ஒவ்வொரு மொழிக்கும் 500 எழுத்துகள் தருகிறது, தமிழிலும் எழுதலாம். ஆப்பிள் 4,000 எழுத்துகள் தருகிறது. சிறு திருத்தங்களுக்குப் பொதுவான வரி போதும், முக்கிய மாற்றங்களைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்று அதன் விதியே கூறுகிறது. தொழுகை நேரம் முக்கியமா இல்லையா என்பதை ஆப்பிளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலையில் நாம் இல்லை.

நேரக் கணக்கைவிட ஆழத்தில் கிடக்கும் ஈரமும் உண்டு. 9.8 கோடிக்கும் மேற்பட்ட முறை பதிவிறக்கப்பட்ட முஸ்லிம் புரோ செயலியிலிருந்து பயனர்களின் இருப்பிடத் தகவல் எக்ஸ்-மோட் நிறுவனத்துக்குச் சென்றதையும், அந்நிறுவனம் அத்தகைய தகவல்களை ஒப்பந்ததாரர்களுக்கும் அவர்கள் வழியே அமெரிக்க இராணுவத்துக்கும் விற்றுவந்ததையும் 2020 நவம்பரில் மதர்போர்டு இதழ் வெளியிட்டது. இராணுவத்துக்குத் தாங்கள் விற்கவில்லை என்று மறுத்த முஸ்லிம் புரோ, எக்ஸ்-மோட்டுடன் உறவை முறித்துக்கொண்டது. மறுப்பை ஏற்றுக்கொண்டாலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. கிப்லாவை அறியக் கொடுத்த இருப்பிடம் வேறொருவரிடமும் செல்லும் என்பதைப் பயனர் யாரிடமிருந்து அறிந்திருக்க வேண்டும்? செய்தியாளரிடமிருந்தா, செயலியிடமிருந்தா? அது அமானிதமாகக் கொடுக்கப்பட்ட தகவல் அல்லவா?

ஒவ்வொரு சிறு திருத்தத்தையும் விளக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பொத்தானின் நிறம் மாறியதை யாரும் அறியத் தேவையில்லை. தொழுகை நேரம், இருப்பிடம், கட்டணம் ஆகிய மூன்றில் ஒன்றைத் தொட்டால், பழைய நிலை, புதிய நிலை, முன்போலவே வைத்துக்கொள்ளும் வழி ஆகியவற்றை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். இயல்பாக அமைந்த தேர்வை மாற்றுவதாயின், பயனரைக் கேட்ட பிறகே மாற்ற வேண்டும்.

இதற்கு வெளிநாட்டு வழிகாட்டி நூல்கள் தேவைப்படா. ஜமாஅத் நேரம் மாறும்போது நம் பள்ளிகளில் ஜுமுஆ முடிந்ததும் எழுந்து அறிவிக்கிறார்கள்: “நாளை முதல் இஷா ஜமாஅத் 8.15-க்குப் பதிலாக 8.30-க்கு.” பிறகு பலகையிலும் எழுதிவைக்கிறார்கள். எழுபது வயதுப் பெரியவருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அது ஒன்றுபோல் விளங்கும்.

செயலியை உருவாக்கியவர்களுக்கு இவற்றையெல்லாம் எழுதி அனுப்பியிருக்கிறேன். உம்மா மஹல்லா நேர அட்டவணையை வாங்கி வந்து சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.