நீங்களே செய்யலாம் பாஸ்! - நிலை குலைஞ்ச நிலை

நாலு பசங்க சேர்ந்து தங்கியிருக்கிற ரூம்ல அதிகமா அடி வாங்குறது யாரு? சந்தேகமே வேணாம், கதவுதான்! காத்துக்கு படார்னு அறையும். சாவியை மறந்தவன் தோளால இடிப்பான். கதவு தாங்கிடும். தாழ்ப்பாள் மாட்டின நிலைக்கால்தான் நீளவாக்குல பிளந்துக்கும். அப்புறம் தாழ் போட்டாலும் ஒண்ணு, போடாட்டாலும் ஒண்ணு! லேப்டாப்பை உள்ளே வெச்சுட்டு நிம்மதியா காலேஜ் போக முடியுமா? காலி பண்றப்போ அட்வான்ஸ்லயும் கை வைப்பாங்க. ஹவுஸ் ஓனர் காதுல ஒரு வார்த்தை போட்டுட்டு, ஞாயித்துக்கிழமை களத்துல இறங்குங்க.

முதல்ல ஒரு டெஸ்ட். பிளவுக்குள்ள ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க. மெத்துனு இறங்கினாலோ, மண் உதிர்ந்தாலோ மரம் உளுத்துடுச்சு, இல்லே கரையான் குடியிருக்கு. அங்கே பசை வேலைக்கு ஆகாது, தச்சரைக் கூப்பிடுங்க. கீல் பக்கம் பிளந்திருந்தாலும் அவர்தான். கதவோட மொத்த கனமும் அங்கேதானே தொங்குது!

மரம் கெட்டியா இருக்கா? தாழ்ப்பாளைக் கழட்டுங்க. பிளவுல இருக்கிற தூசி, பழைய பெயின்ட்டைச் சுரண்டுங்க. பெயின்ட் மேல தடவின பசை பெயின்ட்டோட சேர்ந்து உரிஞ்சு வந்துடும். ஈரம் இருந்தா நல்லா காய விடுங்க.

நிலையோட ஒரு பக்கம் சுவத்துல புதைஞ்சிருக்கு. கிளாம்ப் மாட்ட வழியில்லை. ஸ்க்ரூதான் நமக்கு கிளாம்ப்! பசை தடவறதுக்கு முன்னாடியே டிரில் போட்டுடுங்க. பிளந்த துண்டுல ஸ்க்ரூ தாராளமா நுழையற துளை. பின்னாடி இருக்கிற நல்ல மரத்துல அதைவிடச் சின்ன துளை. அப்பதான் ஸ்க்ரூவோட தலை துண்டை இழுத்து அணைக்கும். ரெண்டுலயும் மரை கவ்விக்கிட்டா இடைவெளி அப்படியே நிக்கும். துளையே போடாம முறுக்கினா, இன்னொரு பிளவு இலவசம்!

இப்போ ஃபெவிக்கால். ஊசி இல்லாத சிரிஞ்சில எடுத்து, பிளவோட அடிவரைக்கும் செலுத்துங்க. ஸ்க்ரூவை முறுக்குங்க. விளிம்பு முழுக்கப் பசை பிதுங்கி வந்தா பாஸ் மார்க்! ஈரத்துணியால துடைச்சிடுங்க. 24 மணி நேரம் அந்த நிலையைத் தொந்தரவு பண்ணக் கூடாது. அதுவரை ரூம்ல ஒருத்தர் காவல் இருக்கட்டும்.

தாழ்ப்பாளோட பழைய துளைகள் லூஸா இருக்குமே? மூங்கில் குச்சியைச் சீவி, பசையில தோய்ச்சு அடிச்சு இறுக்குங்க. காய்ஞ்சதும் மட்டமா வெட்டிட்டு, சின்னதா புதுத் துளை போட்டு, முன்னைவிட நீளமான ஸ்க்ரூ போட்டு மாட்டுங்க.

கடைசியா ஒண்ணு. மழைக்காலத்துல மரம் உப்பி, கதவு இறுகும். உதைக்காதீங்க பாஸ்! உரசுற இடத்தை உப்புத்தாளால தேய்ச்சாலே வழிக்கு வந்துடும். எட்டு உதை வாங்கின நிலையை ஒன்பதாவது உதையிலேருந்து எந்தப் பசையும் காப்பாத்தாது!

அடுத்த வாரம்: ராத்திரியெல்லாம் சொட்டுற குழாய்!