கைப்பிடி கைக்கே உரியது

போர்த்துக்கீசியர் 1555ஆம் ஆண்டில் கட்டிக் கொச்சி மன்னர் வீர கேரள வர்மருக்குக் காணிக்கையாக அளித்ததும், 1663இல் டச்சுக்காரர் பழுதுபார்த்த காரணத்தால் இன்றும் டச்சு அரண்மனை என்றே ஜனங்களால் வழங்கப்படுவதுமான மட்டாஞ்சேரி அரண்மனையில், ராமாயணச் சுவரோவியங்களைக் கண்டு களித்துவிட்டு அடுத்த கூடங்களுக்குச் செல்கிறவர்கள், உறையிட்ட வாள்களையும் குத்துவாள்களையும், யானைத் தந்தத்தால் இழைத்த பல்லக்கையும் காணலாம். நம் நாட்டில் பண்டைக்காலத்தில் ஆயுதத்தை அலங்கரிக்க நினைத்தவர்கள் பெரும்பாலும் அதன் பிடியையே அதற்கு உகந்த இடமாகக் கொண்டார்கள். வெட்டுகிற அலகுக்குக் கூர்மை போதும் என்று விட்டுவிட்டு, பொன்னையும் மணியையும் தந்தத்தையும் பிடியில் பதித்தார்கள். ஏனெனில் சபையில் அமர்ந்திருக்கும் அரசனின் இடையில் எல்லோர் கண்ணுக்கும் தெரிவது பிடி ஒன்றுதான். சபைக்கு அது பொருந்தியிருக்கலாம். அந்த மனோபாவம் இந்தக் காலத்து ரிவால்வரின் கைப்பிடியிலும் வந்து ஒட்டிக்கொண்டிருப்பதைப் பற்றித்தான் இங்கே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

ரிவால்வர் வைத்திருப்பதை நான் போற்றுகிறவன் அல்லன். அது பரவ வேண்டும் என்ற அபிப்பிராயமும் எனக்கு இல்லை. ஆயினும் போலீஸ் உத்தியோகஸ்தர், காவல் பணியாளர், உயிருக்கு ஆபத்து உண்டென்று சர்க்காருக்கு எடுத்துக்காட்டி உரிமம் பெற்றவர் என்று ஒரு சாரார் நம்மிடையே இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்கள் கையில் உள்ள கருவி அவர்கள் வசத்தில் நிற்குமா, அல்லது தன்போக்கில் திமிறுமா என்பது அவர்களை மட்டும் பொறுத்த விஷயமன்று. எதிரிலும் பக்கத்திலும் நடமாடும் நம் எல்லோரையும் பொறுத்தது. ஆகவே, தொழிற்சாலையிலிருந்து வந்த பிடியைக் கழற்றிவிட்டு வேறொரு பிடியைப் பூட்டுவது என்ற சிறிய காரியத்துக்கும் ஒரு நெறி உண்டு. பிடியை மாற்றுவதானால் பிடிக்கிற கையை முன்னிட்டு மாற்ற வேண்டும். பார்க்கிற கண்ணை முன்னிட்டு மாற்றலாகாது.

காரணத்தைச் சற்று விரிவாகவே பார்ப்போம். ரிவால்வரின் குழல், அதைப் பற்றியிருக்கும் கைக்கு மேலே அமைந்திருக்கிறது. ஆதலால் குண்டு முன்னே பாயும்போது எழுகிற உதைப்பு நேராகப் பின்னே வந்து ஓய்ந்துவிடாமல், குழலின் முனையை மேலே தூக்கி, கருவி முழுவதையும் உள்ளங்கைக்குள் சுழலச் செய்கிறது. பிடி மெலிந்தும் வழுவழுப்பாகவும் இருந்தால், முதல் குண்டு போனவுடனேயே அது கையில் இடம்பெயர்ந்துவிடும். விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்துக்குப் பின்னால் இடைவெளி விட்டுச் செய்த பழைய மாதிரிகளிலோ, ஒவ்வொரு வேட்டுக்கும் நடுவிரலின் கணு அந்த இரும்பில் மோதிக் கன்றிப் போகும். பிடி பருத்திருந்தால் தொல்லை வேறு வகை: ஆள்காட்டி விரல் விசையை எட்ட வேண்டுமே என்று கை தானாகப் பக்கவாட்டில் திரும்பிக்கொள்கிறது, திரும்பவே, உதைப்பின் பாரம் கட்டைவிரல் மூட்டில் வந்து இறங்குகிறது. சுத்தியலை முன்கூட்டி இழுத்து வைக்காமல் விசையை மட்டும் அழுத்திச் சுடும்போது, குண்டு உருளையைச் சுழற்றுவதும் சுத்தியலைத் தூக்குவதும் அந்த ஒரே விரலின் வேலையாகிவிடுவதால், சரியாக எட்டாத விரல் விசையை நேரே பின்னிழுக்க மாட்டாமல் ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். குறி தவறும். குறி தவறிய குண்டும் எங்கேனும் ஓரிடத்தில் போய்த் தைக்கத்தான் செய்யும். அந்த இடம் எது என்பதே என் கவலை. அரிவாளுக்குப் பிடி போடுகிற ஆசாரி, அறுப்புக்குப் போகிறவளின் கையை ஒரு பார்வை பார்த்துவிட்டே மரத்தைச் செதுக்குவார்; உயிரைப் பறிக்கவல்ல கருவிக்கு அவ்வளவு கவனமேனும் வேண்டாமா?

ஆயுதம் செய்கிறவர்கள் இதை நெடுங்காலமாக அறிந்தே இருக்கிறார்கள். பர்மிங்ஹாம் நகரத்து வெப்ளி கம்பெனியார் பிரிட்டிஷ் ராணுவத்துக்குச் செய்து கொடுத்துவந்த ரிவால்வர்களில், அடியில் வளைந்து குறுகி முடிந்த பிடி, 1915இல் வந்த ஆறாவது மாதிரியில் சதுரமாகவும் கை நிறைந்ததாகவும் மாற்றப்பட்டது. என்ஃபீல்டு ரிவால்வருக்கு 1938இல், கட்டைவிரல் பதிந்து நிற்பதற்குக் குழிவு வெட்டிய புதிய பிடித்தகடுகள் வந்தன. அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் தொழிற்சாலையிலோ, மரப்பலகைகளை அந்தந்த ரிவால்வரின் உடலோடு தனித்தனியே வைத்து இழைத்துப் பொருத்திய பிறகு, ஒன்றின் பலகை மற்றொன்றுக்குப் போய்விடாதபடி, வலப்பலகையின் உட்புறத்தில் அந்தத் துப்பாக்கியின் எண்ணையே குறித்துவைத்தார்கள். பிடியைக் கழற்றிப் பார்த்தாலன்றி யாருக்கும் தெரியாத அந்தக் குறிப்பில், தொழிலின் மீது அவர்களுக்கு இருந்த மரியாதை முழுவதும் தெரிகிறது.

போட்டியில் சுடுகிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024ஆம் ஆண்டு மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வென்றாரே, அந்தக் காற்றுப் பிஸ்டல் போட்டியின் விதிப்படி, 420 மில்லிமீட்டர் நீளமும் 200 உயரமும் 50 அகலமும் உள்ள பெட்டிக்குள் கருவி முழுவதும் அடங்க வேண்டும். பிடி மணிக்கட்டுக்கு முட்டுக் கொடுக்கலாகாது. இந்த எல்லைக்குள் நின்றுகொண்டு, வீரர்கள் மரப்பிடியை அரத்தால் ராவியும், குறைந்த இடத்தில் மக்கு வைத்து நிரப்பியும், மீண்டும் ராவியும், தங்கள் உள்ளங்கையின் மேடு பள்ளங்களுக்கு ஏற்ப அதை உருவாக்கிக்கொள்கிறார்கள். அழகுக்காக அதை யாரும் வாங்கமாட்டார்கள். ஒருவர் பிடி மற்றவர் கைக்கு உதவாது. ஆனால் பிடி என்பது எதற்காக ஏற்பட்டது என்று அறிய விரும்புகிறவர்கள் அதைத்தான் பார்க்க வேண்டும்.

நம் நாட்டு நிலைமையைப் பார்த்தால் மனம் வருந்துகிறது. தில்லியில் 2012 டிசம்பரில் ஓர் இளம்பெண்ணுக்கு நிகழ்ந்த பாலியல் கொடுமையை நினைவில் வைத்து, கான்பூரிலுள்ள சர்க்கார் ஆயுதத் தொழிற்சாலை 2014 ஜனவரியில் பெண்களுக்கென்று ‘நிர்பீக்’ என்ற ரிவால்வரை வெளியிட்டது. .32 ரகம், டைட்டேனியக் கலப்பு உலோகம், எடை 500 கிராம், விலை 1,22,360 ரூபாய். அதை நகைப்பெட்டி போன்ற ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். பத்திரிகைகள் பெட்டியை வர்ணித்தன, விலையை விவாதித்தன, எடை குறைவு என்று மெச்சின. எடை குறையக் குறைய உதைப்பின் வேகம் கூடும் என்பதும், ஆகவே லேசான ரிவால்வருக்குத்தான் கைக்கு இசைந்த பிடி அதிக அவசியம் என்பதும் அந்த ஆரவாரத்தில் பேசப்படாமலே போய்விட்டன. பெண்ணின் கைக்கு என்று செய்யும் கருவியில் முதலில் அளக்க வேண்டியது அவள் கை. பெட்டியின் பட்டுத்துணியைப் பிறகு தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

இனி அலங்காரத்தின் பக்கத்துக்கு வருவோம். இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் பாட்டன் தந்தப் பிடி பூட்டிய ரிவால்வர்களை இடுப்பில் அணிந்து வலம்வந்த படங்களை உலகம் முழுவதும் பார்த்தது. தந்தப் பிடி வீரத்தின் அடையாளம் என்ற மயக்கத்துக்கு அந்தப் படங்கள் பெரிதும் துணைசெய்தன. அந்த வெண்மை எங்கிருந்து வருகிறது என்பதை மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வாழும் நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இந்திய யானைத் தந்த வியாபாரத்தை 1986ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும், ஆப்பிரிக்கத் தந்தத்தின் பெயரால் நடந்த வியாபாரத்தை 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிறுத்திவிட்டது. அப்படியிருந்தும் 2015இல், மட்டாஞ்சேரி இருக்கிற இதே எறணாகுளம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், இடமலையாற்றுக் காடுகளில் யானைகள் சுட்டுக் கொல்லப்பட்டதும், அவற்றின் தந்தம் தில்லி வரை சென்று கைவினைப் பொருள்களாக மாறியதும் வழக்காகி வெளிவந்தன. வாங்குகிற கை இருக்கும்வரை சுடுகிற கையும் இருக்கும்.

மான்கொம்பின் கதையும் ஏறக்குறைய இதுவே. நம் காட்டுக் கடமானின் கொம்பு, உள்ளே கெட்டியாகவும் மேலே வரிவரியாகவும் இருப்பதால், கத்திப் பிடிக்கும் ரிவால்வர்ப் பிடிக்கும் அதற்கு நிகர் இல்லை என்று வெளிநாட்டார் நெடுங்காலம் வாங்கிப் போனார்கள். ஆண்டுதோறும் தானாக உதிர்கிற கொம்புதானே, அதனால் மானுக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். முழுக் கொம்பாக இருந்தால் அடிப்பாகத்தைப் பார்த்து உதிர்ந்ததா, கொன்று எடுத்ததா என்று சொல்லிவிட முடியும். பலகையாக அறுத்து மெருகேற்றிய பிறகு எவராலும் சொல்ல முடியாது. கடமான் கொம்பின் ஏற்றுமதியைச் சென்ற நூற்றாண்டின் இறுதியில் சர்க்கார் தடுத்தது நியாயமே.

மட்டாஞ்சேரிக்கு இதில் ஒரு பிரத்தியேகமான பொறுப்பு உண்டு. மிளகும் ஏலமும் மூட்டை மூட்டையாக இறங்கி ஏறிய கிடங்குகளும், 1568இல் எழுந்த பரதேசி யூத ஆலயத்தை அண்டிய வீடுகளும் இன்று பழம்பொருள் கடைகளாகிவிட்ட யூதத் தெருவில், பழைய வாளையும் கட்டாரியையும் அவற்றின் பிடிகளையும் தேடி உலகின் எல்லா மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். மலையில் விளைந்ததைக் கடலுக்கு அனுப்பிவைப்பது பல நூற்றாண்டுகளாக இந்த ஊரின் தொழில். எதை அனுப்பலாகாது என்று தீர்மானிக்கும் கடமையும் அதனுடனேயே பிறந்தது. நல்ல பிடி செய்வதற்குத் தந்தமும் கொம்பும் தேவையே இல்லை. ஈட்டி மரம் போதும். அதுவும் சர்க்கார் மரக்கிடங்கில் ரசீதோடு வாங்கியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் வயநாட்டு முட்டிலில் ஈட்டி மரங்கள் களவாக வெட்டப்பட்ட வழக்கை நாம் இன்னும் மறக்கவில்லை. உதைப்பைத் தாங்குவதில் மரத்தையும் விஞ்சுவது ரப்பர். இந்தியாவில் இயற்கை ரப்பரை மிக அதிகமாக விளைவிப்பது கேரளம். ரப்பருக்கு விலை சொல்லும் சந்தைகளில் கொச்சியும் ஒன்று. கைக்கு நன்மை செய்யும் பொருள் நம் வாசலிலேயே விளையும்போது யானையின் வாயில் கைவைப்பானேன்?

பிடி மாற்றுகிறவர்கள் மனத்தில் கொள்ள வேண்டிய சில நடைமுறைகளையும் சொல்லிவிடுகிறேன். உருளையைத் திறந்து, எல்லா அறைகளும் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் நிச்சயம் செய்துகொள்ளாமல் திருகாணியைத் தொடவே கூடாது. பெரும்பாலான ரிவால்வர்களில் இரு பலகைகளையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஒரே ஒரு திருகாணிதான். அதைக் கழற்றிய பின்னும் பலகை வராவிட்டால், இடுக்கில் இரும்பைக் கொடுத்து நெம்பினால் மரம் பிளந்துவிடும். பூட்டும்போது அளவுக்கு மீறி முறுக்கினாலும் அதே கதிதான். பிடிக்குள்ளே சுத்தியலை இயக்கும் வில் இருக்கிறது; புதிய பலகை அதில் உராய்ந்தால், வேண்டிய சமயத்தில் வேட்டு விழாமல் போகும். பலகை பொருந்தவில்லையென்றால் மரத்தை இழைக்க வேண்டுமே தவிர, துப்பாக்கியின் உடலை ராவலாகாது. சில மாதிரிகளில் துப்பாக்கியின் எண் பிடியின் அடிப்பாகத்திலேயே பொறிக்கப்பட்டிருப்பதால், அதை மூடிவிடும் பிடியைப் பூட்டியவர், சோதிக்க வரும் அதிகாரிக்கு அதைக் கழற்றிக் காட்டக் கடமைப்பட்டவர். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கும் உரிமம் வேண்டும் என்று விதிக்கிறது. ஆகவே தெருமுனைப் பட்டறையில் இதைக் கொடுத்துச் செய்யச் சொல்வது இருவரையும் வம்பில் மாட்டிவைக்கும். கழற்றிய பழைய பலகைகளை எறிந்துவிடாமல் துணியில் சுற்றி வைப்பதும் நல்லது. பழைய வெப்ளியின் கறுத்த எபோனைட் தகடுகள் சரித்திரத்தைச் சேர்ந்தவை.

இவ்வளவையும் சொன்னது சிலரிடம் ஒரு விண்ணப்பம் வைப்பதற்காகவே. சர்க்கார் ஆயுதத் தொழிற்சாலைகள் ஒவ்வொரு ரிவால்வரோடும் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவுப் பிடிகளைக் கொடுக்கட்டும். துப்பாக்கியின் விலையோடு ஒப்பிட்டால் அதற்கு ஆகும் செலவு அற்பமே. போலீஸ் இலாகாவில் ஆயுதம் வழங்கும்போது, குறிப்பாகப் பெண் காவலர்களுக்கு வழங்கும்போது, கையின் அளவைப் பார்த்து வழங்கட்டும். பழம்பொருள் வியாபாரிகள் தந்தத்தையும் கொம்பையும் கேட்டு வருகிறவருக்கு இல்லையென்று சொல்லி அனுப்பட்டும். உரிமம் பெற்றவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் ரிவால்வரின் பிடியைக் கண்டு யாராவது அழகு என்று புகழ்ந்தால், அவர் அதைப் பார்க்கும்படியாக நீங்கள் எடுத்துக் காட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்; அப்படிக் காட்டுவதற்காகச் சர்க்கார் உங்களுக்கு உரிமம் வழங்கவில்லை.