யாருடைய தேவைக்குப் பள்ளிக்கூடம்?

சமூகம் என்பது ஓர் உடம்பாம். பள்ளிக்கூடம் அதில் ஓர் உறுப்பாம். பிள்ளைகளுக்குப் பொது விழுமியங்களைப் புகட்டும், திறமை பார்த்துச் சலிக்கும், அவரவர்க்குத் தகுந்த வேலையில் கொண்டுபோய் உட்கார வைக்கும். உடம்பும் நோயில்லாமல் இயங்குமாம். துர்க்கைம் தொடங்கி, 1959-இல் வகுப்பறையை ஆராய்ந்த டால்காட் பார்சன்ஸ் வரை சொன்னதைச் செயல்பாட்டுவாதம் என்று சமூகவியல் வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். நானும் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

உடம்புக் கதை நமக்குப் புதுசா? வாய், தோள், தொடை, கால் என்று புருஷசூக்தம் பிரித்ததும் உடம்பைத்தானே! அதில் நமக்குக் காலில்கூட இடமில்லை.

'அவர்கள் பிறப்பைச் சொல்லவில்லை, தகுதியைத்தானே சொன்னார்கள்' என்பார்கள். சரி, தகுதியையே பார்ப்போம். சமூகத்துக்கு முக்கியமான, நீண்ட பயிற்சி வேண்டிய வேலைக்கே அதிக வெகுமதி என்று 1945-இல் கிங்ஸ்லி டேவிஸும் வில்பர்ட் மூரும் எழுதினார்கள். சாக்கடைக் குழியில் இறங்குகிறவன் ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் நகரமே நாறிப்போகும். அதைவிட முக்கியமான வேலை எதுய்யா? அவனுக்கு என்ன வெகுமதி? விஷவாயு. 1993-லும் 2013-லும் சட்டம் போட்ட பிறகும் குழிக்குள் சாகிறான். 'அந்த வேலைக்குப் படிப்பு வேண்டாமே' என்று பதில் வரும். படிப்பின் கதவை அடைத்தது யார்?

1856-இல் தார்வாரில் ஒரு மகர் சிறுவன் அரசுப் பள்ளியில் சேரக் கேட்டான். பம்பாய் அரசு மறுத்தது. இந்த ஒருவனைச் சேர்த்தால் மற்றவர்களுக்குப் பள்ளியே பயன்படாமல் போய்விடும் என்பது காரணம். அமைப்பு குலையக் கூடாதல்லவா? சமநிலை காப்பாற்றப்பட்டது. பையன் வெளியே நின்றான்.

1953-இல் ராஜாஜி கிராமத்துப் பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று திட்டம் போட்டார். குலக்கல்வி என்று தமிழ்நாடே கொதித்தது. 1954-இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. திட்டம்தான் போனது, அந்தப் புத்தி போகலை.

வீடு பிள்ளையைத் தன் பிள்ளையாகப் பார்க்கும், பள்ளியோ எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளக்கும் என்றார் பார்சன்ஸ். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்த மாணவர்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதி காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய் என்று 2024-இல் பரிந்துரைக்க வேண்டியிருந்தது. ஒரே அளவுகோல் எங்கே? பள்ளி பொது விழுமியத்தைப் புகட்டவில்லை என்று யார் சொன்னது? புகட்டியது. ஊரின் பொது விழுமியம் சாதி.

சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே மேல்கீழாகப் பிரிக்கிறது என்று 1936-லேயே அம்பேத்கர் காட்டிவிட்டார். செயல்பாட்டுவாதம் முதல் பாதியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிக்கொள்கிறது.

ஆகவே தோழர்களே, கல்விமுறை தோற்றுவிட்டது என்று நாம் புலம்ப வேண்டியதில்லை. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது, அவர்களுக்காக. அந்த வேலையைச் செய்யவிடாமல் தடுப்பதுதான் நம் வேலை. இடஒதுக்கீடு என்றதும் 'தகுதி போச்சு' என்று அவர்கள் அலறுவது சல்லடையில் நம் கை பட்டுவிட்டதால்தான். வகுப்பில் 'சமூகத்தின் தேவை' என்று வாத்தியார் சொல்லும்போது எழுந்து நின்று கேளுங்கள்: எந்தத் தெருவின் தேவை, சார்?