கார்டு யார் பர்சில் இருக்கிறது?

நம்மூர்த் தம்பி தங்கைகளுக்கு,

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். ‘அங்கே உட்கார்ந்துக்கிட்டு நமக்குப் புத்தி சொல்றான் பாரு’ என்று டீக்கடையில் பேசுவீர்கள். பேசுங்கள்.

பெரியவர்களைப் பட்டினி போடுகிறவர்கள் இல்லை நீங்கள். கல்யாண வீட்டில் காலில் விழுகிறீர்கள், மணிவிழாவுக்கு ஃபிளெக்ஸ் வைக்கிறீர்கள். என் குறை வேறு. அவர்களை ஒரு வார்த்தை கேட்பதில்லை.

பொங்கலுக்கு வந்திருந்தபோது பெரியப்பாவை மன்னார்குடியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். இளவயது டாக்டர். “அவருக்கு என்ன பண்ணுது?” என்று என்னைக் கேட்டார். பெரியப்பா பக்கத்து ஸ்டூலில்தான் இருந்தார்; நெல் மண்டியில் ஆயுசு முழுக்கக் கணக்கு எழுதியவர். “வலி எனக்குத்தான் டாக்டர், என்னைக் கேளுங்க” என்றார். டாக்டர் சிரித்தார். சிரித்துவிட்டு, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று மறுபடியும் எனக்கே விளக்கினார்.

வீட்டிலும் இதே கதைதான். முதியோர் உதவித்தொகையை 2023இல் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். நம் தெருவில் எத்தனை அப்பாயிகளின் ஏடிஎம் கார்டு பேரன் பர்சில் கிடக்கிறது? திருடுகிறான் என்று சொல்லவில்லை, எடுத்துத்தான் கொடுக்கிறான். ஆனால் வெற்றிலைக்கு இருபது ரூபாய் கேட்டால், “இப்ப எதுக்கு அப்பாயி?” என்கிறான். அவள் பணம்!

நிலம் இன்னும் பெரிய விஷயம். செட்டில்மென்ட் பத்திரத்தில் கைரேகை வைக்கிற அன்றைக்கு மட்டும் கார் வருகிறது. பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். ‘கடைசிவரை பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையையும் எழுதச் சொல்லுங்கள். பிள்ளை கவனிக்காமல் விட்டால், 2007ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுத்துப் பத்திரத்தையே செல்லாததாக்கலாம். அந்த ஒரு வரி எழுத மகன் தயங்கினால், பத்திரத்தையே தள்ளிப்போடுவது நல்லது.

சிங்கப்பூரை மெச்சுவதற்காக இதை எழுதவில்லை. பெற்றோரைப் பராமரிக்கச் சொல்லி 1995லேயே சட்டம் போட வேண்டியிருந்த ஊர் இது. உணவங்காடிகளில் எழுபது வயதுக்காரர்கள் தட்டு எடுப்பதைப் பார்த்தால் எனக்கும் உறுத்தும். நம்மூரிலிருந்து வருகிறவர்கள் ‘ஐயோ பாவம்’ என்பார்கள். ஆனால் அந்தச் சம்பளம் அவர்கள் கைக்கே போகிறது. காப்பிக் காசுக்கு யாரிடமும் கணக்குச் சொல்வதில்லை.

மே 1 கிராம சபையில் முதல் அரை மணி நேரத்தைப் பெரியவர்களுக்கு விடுங்கள். ரேஷன் கடை மெஷினில் ரேகை விழாமல் யார் யார் வெறும் பையோடு திரும்புகிறார்கள், பாங்கில் யாரை யார் விரட்டினார்கள், எல்லாவற்றையும் அவர்கள் வாயாலேயே சொல்லட்டும். ஒருவர் இழுத்து இழுத்துப் பேசினாலும் பரவாயில்லை. நடுவில் மைக்கைப் பிடுங்கி, “தாத்தா என்ன சொல்ல வர்றார்னா...” என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்